கோவளத்து மரு

கேளம்பாக்கம்
18.6.2006

அன்புள்ள அத்தானுக்கு,

சீலி எழுதுகிறேன். நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கோபத்தோடுதான் ஜெபிக்கிறேன், ஆனாலும் விடவில்லை.

515 பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தாம்பரத்துக்குத் தபாலில் எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். நேரில் பேசினால் நான் அழுதுவிடுகிறேன், அதை நீங்கள் ஜெயித்ததாக எடுத்துக்கொள்கிறீர்கள். கடிதம் என்றால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சபையில் கேட்டால் ஆராய்ச்சிக்காகக் கேளம்பாக்கம் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. ஆனால் நமக்குள் நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். 1991இல் கோவளம் பாறையில் ஒரு சிவப்புப் பாசியை எடுத்தீர்கள். உடம்பெல்லாம் மரு மருவாக இருந்தது. இதுவரை யாரும் பார்க்காத இனம் என்று எழுதி, அந்த வருஷம்தான் உங்களைக் கட்டியிருந்த என் பெயரை அதற்கு வைத்தீர்கள். கிராசிலேரியா ஜெயசீலியே. எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. மற்ற பெண்களுக்கு வளையல் வந்தது, எனக்குப் பாசி வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த மார்ச்சில் அதன் ஜீன் ஒன்றைப் படித்துப் பார்த்தேன். கோவளம் பாறையில் கூடைகூடையாகக் கிடைக்கும் சாதாரணப் பாசியின் ஜீனேதான். மரு ஏதாவது நோயாக இருக்கும் என்று நினைத்தேன். ஜெயசீலியே என்று தனி இனம் ஒன்று இல்லை என்று கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் சுந்தரராமன் உங்கள் சிநேகிதர். நீங்கள் எனக்குத் தெரியாமல் அவருக்கு, "என் மனைவி அவசரப்பட்டு அனுப்பிவிட்டாள், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்" என்று எழுதினீர்கள். அவரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி.

அதனால்தான் கிளம்பினேன். நம் கல்லூரியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே என் பழைய மாணவி மெஹர் பானு தன் ஆய்வகத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒண்டுக்குடித்தனம் ஜெயக்கொடியம்மாள் வீட்டு மாடியில். நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு விற்றுவிட்டு மாடி மேல் மாடி கட்டுகிறவர்கள். நான் பாசிப் பொட்டலங்களை ஃப்ரிட்ஜில் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பாசியப் போய் பத்திரமா வெச்சுகினு கீறே. எங்க வூட்டுக் கெணத்துல எவ்ளோ வேணும்னாலும் வந்து அள்ளிக்கோ" என்றார்கள்.

நம் வீட்டு ஃப்ரீசரிலிருந்து பொட்டலங்களை எடுக்கும்போது அவசரத்தில் உங்கள் வஞ்சிர மீனும் சேர்ந்து வந்துவிட்டது. குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டோம். அதற்கு மட்டும் மன்னிப்பு.

அன்புடன்,
சீலி


சேலையூர், கிழக்குத் தாம்பரம்
26.6.2006

அன்பு சீலிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. கடிதம் கிடைத்தது. வஞ்சிரம் போனால் போகட்டும்.

நான் உன் எதிரி இல்லை. உன் பெயரை நீயே குழிதோண்டிப் புதைக்கப் போனாய், கையைப் பிடித்தேன். ரோட்டில் போகிற குழந்தையை யாரும் அனுமதி கேட்டுக்கொண்டா இழுக்கிறார்கள்? உனக்கு நாற்பத்திரண்டு வயது என்று எழுதுவாய். தெரியும். ஆத்திரத்தில் எல்லோருக்கும் வயது குறைந்துவிடுகிறது.

என் புத்தகம் உனக்குத் தெரியும். சோழமண்டலக் கரையின் சிவப்புப் பாசிகள் அத்தனையும் ஒரே புத்தகத்தில். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அதற்காகத்தான் பாறை பாறையாக நனைந்துகொண்டிருக்கிறேன். வரும் கோடையில் அச்சகத்திலிருந்து வருகிறது. ஜெயசீலியேவுக்கு ஒரு முழுப்பக்க வண்ணப்படம். அதே சமயத்தில் ஆசிரியரின் மனைவியே அப்படி ஓர் இனம் இல்லை என்று எழுதினால் மீதிப் பக்கங்களை எவன் நம்புவான்?

விஷயத்துக்கு வருகிறேன். சிவப்புப் பாசியில் ஒரு செடி கனி தரும், இன்னொரு செடி நான்கு நான்காகப் பிரிந்த வித்துகளைத் தரும். இரண்டும் ஒரே உடம்பில் வருவது மிக அபூர்வம். என் பாசியில் கிளையில் கனி இருக்கிறது, மருவுக்குள் நால்வித்து இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து என் கையால் வரைந்திருக்கிறேன். நோய் வந்த பாசிக்கு வித்து எங்கிருந்து வரும்? இதற்கு உன் ஜீன் பதில் சொல்லட்டும்.

கேம்ப் ரோடு மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். ரசம் என்று ஒன்று ஊற்றுகிறார்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "சிஸ்டர் எங்கே" என்கிறார்கள். ஊரார் வாயை மூட உலைமூடி இல்லை. சீக்கிரம் வந்துவிடு.

உன்,
அசரியா


கேளம்பாக்கம்
30.7.2006

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் உங்கள் கேள்விதான். மரு நோயில்லை என்றீர்கள். சரி, மருவையே தனியாகக் கேட்போம் என்று முடிவு செய்தோம். மெஹர் பானு லென்ஸுக்கு அடியில் பாசியை வைத்து, பிளேடால் மருக்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சீவி எடுத்தாள். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. அதிலிருந்து ஜீனை எடுத்துப் படித்தோம். ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள். பாசியின் எழுத்துகளுக்கும் மருவின் எழுத்துகளுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. மரு பாசியின் உடம்புதான். பாசி சாதாரணப் பாசிதான்.

நான் படிப்பது பிளாஸ்டிட்டின் ஜீன். பிளாஸ்டிட் மேல் எனக்கு ஏன் இத்தனை பிரியம் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது கேட்காமலேயே சொல்கிறேன். வெயிலைச் சாப்பாடாக்குகிற அந்தத் துணுக்கு ஒரு காலத்தில் கடலில் தனியாகத் திரிந்த நீலப்பச்சை உயிர். நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் வேறொரு செல் அதை விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே குடிவைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டு, வந்தவளிடமிருந்த ஜீன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் உட்கருவில் சேர்த்துக்கொண்டது. பச்சைச் செடிகளில் பிளாஸ்டிட்டிடம் மிஞ்சியது நூற்றுச் சொச்சம் ஜீன்கள். சிவப்புப் பாசியின் பிளாஸ்டிட் மட்டும் இருநூறுக்கு மேல் இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் கிராசிலேரியா ஒன்றின் பிளாஸ்டிட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வெளிநாட்டில் படித்து அச்சில் போட்டார்கள். அதைப் பார்த்த அன்று நான் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டினேன். புகுந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தும் பீரோ சாவியை மாமியாரிடம் கொடுக்காதவள்.

நீங்கள் என் கையிலிருந்து கட்டுரையைப் பிடுங்கினீர்கள் அத்தான். இதை நான் சாதாரணமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

மருவைப் பற்றிய முடிவையும் சேர்த்துக் கட்டுரையைத் திரும்ப எழுதுகிறேன். இந்த முறை எந்த ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. சுந்தரராமனிடமும்தான்.

ரோட்டை ஆறு வழியாக அகலப்படுத்துகிறேன் என்று இங்கே எல்லா மரத்தையும் வெட்டிப்போட்டிருக்கிறார்கள். துணி காயப்போட்டால் செம்மண் நிறத்தில் எடுக்கிறேன். உங்கள் வெள்ளைச் சட்டைகளை நல்லவேளையாக அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சீலி


சேலையூர்
17.9.2006

அன்பு சீலிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எல்லோருக்கும் வந்த சிக்குன்குனியா எனக்கும் வந்துவிட்டது. பத்து நாளாக மூட்டு மூட்டாக வலி. விரலை மடக்க முடியவில்லை. தெருவில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். இதைச் சொல்லி உன்னை வரவழைக்கப் பார்க்கவில்லை. கோணல் எழுத்துக்குக் காரணம் சொன்னேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படுத்துக்கொண்டே நாலைந்து தடவை படித்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நீ நிற்கிறாய். நான் நிற்கவில்லையா என்று கேட்பாய். நானும்தான் நிற்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிளாஸ்டிட் குடிவந்தவள் என்று நீயே எழுதுகிறாய். வீட்டுக்காரன் யார் என்று குடித்தனக்காரியைக் கேட்டா முடிவு செய்வார்கள்? கேளம்பாக்கத்தில் நீ இருக்கும் மாடி யாருடையது என்று உன்னைக் கேட்டுப் பத்திரம் எழுதுவார்களா? நூறு கோடி வருஷமாக இருக்கட்டும், குடியிருப்பவள் குடியிருப்பவள்தான். நான் பார்த்த நால்வித்து மருவுக்குள் இருக்கிறது. என் கண் என்னை இருபது வருஷத்தில் ஏமாற்றியதில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியவற்றை எல்லாம் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று பார்த்தேன். விரல் வரமாட்டேன் என்கிறது. வீடு பெரிதாக இருக்கிறது, சீலி.

அசரியா


கேளம்பாக்கம்
5.11.2006

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே 515 ஏறினேன். வண்டலூர் வரைக்கும் வந்தேன். மிருகக்காட்சி சாலைக்கு எதிரில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். காய்ச்சலில் படுத்திருக்கும் உங்களைப் பார்த்தால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வலித்தது என்று எனக்கும் வலித்தது. அதனால்தான் மெஹர் பானுவின் கணவர் ஹனீஃபா பாய் வசம் நிலவேம்புப் பொடி கொடுத்தனுப்பினேன். மார்க்கெட்டில் கடை இருப்பதால் தினமும் தாம்பரம் வருகிறார். உங்கள் வீட்டில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தீர்களாமே, ருசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இனி விஷயம். குடித்தனக்காரியைக் கேட்காதே என்று கேலியாக எழுதினீர்கள். ராத்திரி பகல் என்று இல்லாமல் அந்த வரி என்னை விடவில்லை. மெஹர் பானுவிடம் படித்துக் காட்டினேன். அவள், "அசரியா சார் நக்கல் பண்றாருன்னு நெனச்சுக்கினு கீறீங்க. ஆனா சரியாத்தான் கேட்டுருக்காரு. வூட்டுக்காரிய நாம கேக்கவே இல்லியே மேடம்" என்றாள்.

கேட்டோம். மருவிலிருந்தும் பாசியிலிருந்தும் உட்கருவின் ஜீனை எடுத்துப் படித்தோம். எழுத்துகள் வேறு வேறாக வந்தன. ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்து மெரினா பக்கமிருந்து வந்த பாசி, முட்டுக்காடு பாசி, கோவளம் பாசி எல்லாவற்றிலும் புதிதாகச் சீவி மறுபடி படித்தோம். அதே முடிவுதான்.

மரு நோயும் இல்லை, பாசியின் உறுப்பும் இல்லை. அது தனியான இன்னொரு சிவப்புப் பாசி. இந்தப் பாசிக்குத் தூரத்துச் சொந்தம், இதன் மேலேயே ஒட்டி வாழ்கிறது. ஒட்டுண்ணி. ஒட்டிக்கொண்டதும் தன்னுடைய பிளாஸ்டிட்டைக் கைவிட்டுவிட்டு, கீழே இருக்கும் பாசியின் பிளாஸ்டிட்டை எடுத்துத் தன் செல்லுக்குள் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டிலும் பிளாஸ்டிட்டைப் படித்தால் ஒரே எழுத்து வருகிறது. இப்படிச் செய்யும் சிவப்புப் பாசிகள் உண்டு என்று அமெரிக்காவில் இரண்டு பெண்கள் பத்து வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்திருக்கிறேன். படித்தும், கோவளத்து மரு அப்படி ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிளாஸ்டிட் சொன்னால் தேவவாக்கு என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் வரைந்த நால்வித்து உண்மை. கனி பாசியுடையது, நால்வித்து மருவுடையது. நீங்கள் இரண்டு உயிரைச் சேர்த்துக் கட்டி ஒரு பெயர் வைத்தீர்கள். நான் அதே இரண்டு உயிரை ஒன்று என்று சொல்லி அந்தப் பெயரை அழிக்கப் போனேன். நான் எழுதிய கட்டுரை தப்பு. இப்போது எழுதிக்கொண்டிருந்ததும் தப்பு. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பெயர் வைக்கும் சட்டம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெயருக்கு ஆதாரமான மாதிரியில் இரண்டு உயிர் கலந்திருந்தால், பெயர் எதைச் சேரும் என்று முதலில் அச்சில் சொல்கிறவர் வைத்ததுதான் முடிவு. பாசியோடு சேர்த்தால் ஜெயசீலியே செத்துப்போகும், அந்தப் பாசிக்கு ஏற்கெனவே பழைய பெயர் ஒன்று இருக்கிறது. மருவோடு சேர்த்தால் பிழைக்கும், ஏனென்றால் மருவுக்கு இதுவரை பெயரே இல்லை.

நான் மருவைத் தேர்ந்தெடுக்கிறேன்.

சீலி


சேலையூர்
20.11.2006

அன்பு சீலிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தேன். மூட்டு வலிகூட மறந்துபோயிற்று. மருவுக்குள் வித்து இருக்கிறது என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருக்கிறது. எனக்கு அது போதும். இரண்டு உயிரை ஒன்று என்று பார்த்தது என் தவறு, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஆனால் நீயும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சுந்தரராமனுக்கு அந்தக் கடிதம் எழுதியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? உன் தப்பு அச்சில் ஏறியிருக்கும். உலகம் முழுக்கப் படித்திருப்பார்கள். உன்னைக் காப்பாற்றியது யார்? இதற்காகவா ஆறு மாதமாக ஒரு மாடியில் போய் உட்கார்ந்திருக்கிறாய்? கணக்கு நேராகிவிட்டது. கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டுக்கு வா.

இன்னொன்று. மருவுக்கு உன் பெயரை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஒட்டுண்ணி என்றால் என்ன என்று நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தரின் இரத்தத்தை உறிஞ்சிப் பிழைக்கிற ஜந்து. அசரியா தன் பெண்டாட்டிக்கு நல்ல பெயர் வைத்தான் என்று சிரிப்பார்கள். டிபார்ட்மெண்டில் சொல்லவே வேண்டாம். ராஜகோபால் இருக்கிறாரே, அவர் இதைக் கேட்டால் மூன்று நாள் சாப்பிடாமலே இருப்பார், வயிறு அவ்வளவு நிறைந்துவிடும். உன் பெயர் ஒரு மருவின் மேல் இருப்பதைவிட மரியாதையாகச் செத்துப்போகட்டும்.

புத்தகம் இன்னும் அச்சேறவில்லை. ஒரு வரி சேர்த்தால் போதும்: பெயர் பாசியைச் சேர்ந்தது. சட்டப்படி முதலில் சொல்கிறவன் நானாக இருப்பேன். நீ பிடிவாதம் பிடித்தால் அதைத்தான் செய்வேன். கோபத்தில் இல்லை, உன் நல்லதுக்காக.

உன்,
அசரியா


கேளம்பாக்கம்
3.12.2006

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் மடித்தே வைத்திருந்தேன். கோபம் தணியட்டும் என்று பார்த்தேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

என்னைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், என் கட்டுரை தப்பு. அது என் தப்பு. அச்சில் வந்திருந்தால் என் பெயரோடு வந்திருக்கும். யாராவது அதைக் கிழித்திருப்பார்கள், அல்லது நானே அடுத்த வருஷம் கண்டுபிடித்து, முன்னால் எழுதியது தவறு என்று கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன். உங்களுக்கு இது எத்தனை முறை நடந்திருக்கிறது. உங்கள் தப்பை எல்லாம் நீங்களே செய்தீர்கள், நீங்களே திருத்தினீர்கள். ஒரு தடவையாவது நான் உங்கள் கட்டுரையை உங்களுக்குத் தெரியாமல் திரும்ப வாங்கினேனா? பெரிய ஆராய்ச்சியாளர் ஆனது சரியாகவே எழுதி எழுதியா? என் தப்பைச் செய்யவிடாமல் என்னைத் தடுக்க நீங்கள் யார்? புருஷன் என்று பதில் எழுதாதீர்கள். அந்தப் பதில் எனக்குப் போதாது.

சுந்தரராமனுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் எனக்கு ஆறவே ஆறாதது எது தெரியுமா? அவர் கேட்கவில்லை என்பதுதான். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அசரியா சொன்னால் போதும், அவர் பெண்டாட்டி தனியாக ஓர் ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார். டிபார்ட்மெண்டில் பதினைந்து வருஷமாக அப்படித்தான் நினைத்தார்கள். அசரியா சாரின் மேல் ஒட்டிக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவள். ஒட்டுண்ணி என்று சிரிப்பார்களே என்று நீங்கள் இப்போது பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பழகிவிட்டது. நீங்கள் பக்கத்திலேயே இருந்தும் உங்கள் காதில் விழாததுதான் ஆச்சரியம்.

அந்த மருவை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அரிசி மணியில் பாதிகூட இல்லை. வெயில் பிடிக்கும் சாமானை இரவல் வாங்கி வைத்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் உட்கரு அதனுடையது. வித்தும் அதனுடையது. இத்தனை நாளாக அதைப் பார்த்த எல்லோரும், நான் உட்பட, இன்னொன்றின் உடம்பில் வந்த கோளாறு என்று நினைத்தோம். தனியாக ஓர் உயிர் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு என் பெயர் இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். ராஜகோபாலுக்கு நான் வேண்டுமானால் ஒரு பிரதியே அனுப்பிவைக்கிறேன்.

கட்டுரை நேற்றுப் போய்விட்டது. ஜெர்மனியில் ஒரு பத்திரிகைக்கு. ஒட்டுண்ணி என்பதால் அதைக் கிராசிலேரியாவிலிருந்து எடுத்து வேறொரு பேரினத்தில் சேர்த்திருக்கிறேன். அப்படிச் சேர்த்தால் முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போட்டு, இடம் மாற்றியவரின் பெயரை வெளியே எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். அதன்படி நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், நான் வெளியே. உங்களை நீக்க முடியாது, நீக்கவும் ஆசையில்லை. ஆனால் இதுவரை ஜெயசீலி அசரியா என்று எழுதிவந்தவள் இதில் ஜெயசீலி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் 1991 படத்துக்கும், குடித்தனக்காரி கேள்விக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். குடித்தனக்காரி என்று போடவில்லை, ஒரு பயனுள்ள விமர்சனம் என்று போட்டிருக்கிறேன்.

உங்கள் புத்தகம் முந்திக்கொண்டு வரலாம். ஒரு வரி போட்டால் ஜெயசீலியே செத்துப்போகும், அது உங்கள் கையில்தான் இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் உங்களுக்குத் தெரியாமல் கடிதம் எழுதி அதை நிறுத்தமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. கோவளத்துச் சர்ச்சுக்குப் போகிறேன்.

ஜெயசீலி


சேலையூர்
11.2.2007

அன்பு ஜெயசீலிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தவற்றை எல்லாம் கிழித்தேன். புருஷன் என்று எழுதாதே என்றாய், அதை எடுத்துவிட்டால் என்னிடம் எழுத வேறொன்றும் இல்லாமல் போயிற்று. இரண்டு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. போன வாரம் ஆபீஸ் கீதா ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. "சார், ஜெர்மனிலேர்ந்து மெயில் வந்துச்சு, பிரிண்ட் எடுத்தேன். மேடமோட பேப்பர் சார். உங்களையே பாத்துச் சொல்லச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது போல" என்றாள். உண்மைதான். நீ அசரியாவை உன் பெயரிலிருந்து எடுத்துவிட்டாயே, அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கரையின் சிவப்புப் பாசிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல இந்தியாவில் தகுந்தவர் நீங்கள்தான் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

படித்தேன். நல்ல கட்டுரை. இதைப் பொறாமையோடுதான் சொல்கிறேன். பிறகு என்ன நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இன்னும் நான்கு மாதிரிகள் பார், இன்னொரு ஜீனையும் படி என்று ஒரு வரி எழுதினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதற்குள் என் புத்தகம் வந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. நியாயமான வரியாகக்கூட இருக்கும். அந்த நினைப்போடு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவர்களுக்கு எழுதினேன். கட்டுரை எழுதியவர் என் மனைவி, இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வேறு யாருக்காவது அனுப்புங்கள். அவ்வளவுதான். அச்சகத்தில் ஜெயசீலியே பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். வண்ணப்படம் போயிற்று. அச்சகக்காரர் கத்தினார், நானும் திரும்பக் கத்தினேன். பெயர் எதைச் சேரும் என்று என் புத்தகம் சொல்லாது. நீ சொல்.

மருவுக்கு உன் பெயர் வைப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சரி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

கடைசியாக ஒன்று. கட்டுரையில் ஒரு படத்தில் தவறு இருக்கிறது. பார்த்ததும் கண்ணில் பட்டது. எந்தப் படம், என்ன தவறு என்று இந்தக் கடிதத்தில் எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், மேலே பார், கறுப்பாக இருக்கும். சொல்லமாட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது உன் தப்பு. நீ செய்துகொள்.

அசரியா


கேளம்பாக்கம்
18.2.2007

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் தபால்காரர் கையிலிருந்து வாங்கி அங்கேயே நின்று படித்தேன். ஜெயக்கொடியம்மாள், "இன்னாம்மா, நல்ல சேதியா கெட்ட சேதியா, அழுதுகினே சிரிக்கிறே" என்று கேட்டார்கள். தவறு கண்டுபிடித்திருக்கிறார் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கறுப்பாக அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே அடித்திருக்கிறீர்கள். நானும் மெஹர் பானுவும் எல்லாப் படத்தையும் மேஜையில் பரப்பிவைத்து இரண்டு நாள் உட்கார்ந்தோம். நீங்கள் சொல்வது ஆறாவது படம். நால்வித்து என்று எழுதிவிட்டு மூன்றுதான் தெரிகிறது, அதுதானே? நான்காவது பின்னால் மறைந்திருக்கிறது. அது தவறு இல்லை, அத்தான். நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. படத்தை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். வேறு எவராவது தவறு என்று சொன்னால் அவரோடு சண்டை போட்டுக்கொள்கிறேன்.

நம்பிக்கை இல்லையென்றால் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 515 ஏறி வாருங்கள். ஆய்வகத்துச் சாவி என்னிடம் இருக்கிறது, லென்ஸில் காட்டுகிறேன். நான் திரும்பி வருவதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. நான் வரவில்லை. இங்கே என்னை இன்னும் மூன்று வருஷத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், சரி என்று சொல்லிவிட்டேன்.

வரும்போது என் பருத்திச் சேலைகளை ஒரு பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். இடமிருந்தால் உங்கள் சட்டையும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயசீலி